புதியதில் வரக் கூடாது

எங்கள் வீட்டுக் குக்கருக்குப் போன வாரம் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. ஒழுங்காக விசில் அடித்துக்கொண்டிருந்தது திடீரென்று மூடியைச் சுற்றிப் புஸ் புஸ்ஸென்று ஆவி விட ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்காக நான் மூன்று முறை கடைக்குப் போய் வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். முதல் வளையம் மூடிக்குள் உட்கார்ந்தது, ஆனால் மூடி பூட்டவில்லை. இரண்டாவது பூட்டியது, விசில் வரவில்லை. மூன்றாவதைக் கொடுக்கும்போது கடைக்காரர், "ஒரிஜினலுங்க, கம்பெனி சாமானுங்க" என்றார். முதல் இரண்டைக் கொடுக்கும்போதும் அதையேதான் சொன்னார்.

மூன்றாவதைச் சமையலறையில் நின்று பிரித்தேன். புது ரப்பரின் வாசனை குப்பென்று அடித்தது. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் கருகிய சர்க்கரை, ரெண்டுக்கும் நடுவில் என்னவோ ஒன்று. அந்த வாசனையை நான் கடைசியாக மோந்தது ஒரு காருக்குள். "வளையத்தக் கையில வெச்சுட்டு என்னுங்க யோசன? பருப்பு வேக வேண்டாமுங்களா?" என்றாள் என் மனைவி. வெந்திருக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் கார் வேலுச்சாமி அண்ணனுடையது. வெள்ளகோவிலில் இருந்து திருப்பூருக்கு வந்து நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பனியன் கம்பெனி அவருடையதுதான். அவிநாசி ரோட்டுக்குள் ஒரு சந்தில் முப்பது மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு சாம்பிள் அறை. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, அண்ணன்தான். அவர் மனைவி தனலட்சுமி அக்கா கம்பெனிக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து பத்தரை மணிக்கு எல்லோருக்கும் டீ கொடுத்தனுப்புவார். டீயில் இஞ்சி தூக்கலாக இருக்கும். இன்றைக்கும் இஞ்சி டீ குடித்தால் எனக்குக் கை தானாக டேப்பைத் தேடும்.

டேப் என்றால் அளவெடுக்கும் டேப். அதுதான் என் வேலை. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் சாம்பிளை வைத்து அதே மாதிரி நாங்கள் ஒன்று தைத்து அனுப்ப வேண்டும். அதில் காலர் எத்தனை, கை எத்தனை, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று அளந்து, கோளாறுகளைக் குறித்து ஒரு தாளில் எழுதுவேன். கமெண்ட் ஷீட் என்று அதற்குப் பெயர். 'இடது தோளில் சுருக்கம், புதியதில் வரக் கூடாது.' 'கழுத்துப் பட்டையில் எண்ணெய்க் கறை, புதியதில் வரக் கூடாது.' கல்யாணமான புதிதில் என் மனைவியிடமும் இப்படித்தான் பேசியிருக்கிறேன் என்று அவள் சொல்கிறாள். நம்ப வேண்டாம்.

சாம்பிள் அறையில் இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு மாதிரிக்கு ஒரு சாம்பிள்தான் உயிரோடு இருக்கலாம். பையர் கடைசியாக ஒப்புக்கொண்டதற்குச் சீல் குத்தி ஆணியில் மாட்டுவோம். அதற்கு முந்தியதையெல்லாம் அப்போதே கத்திரியால் நாலாக வெட்டி வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் சேர்ந்த வருஷமே பார்த்தேன். பழைய சாம்பிள் ஒன்று டேபிளில் கிடந்தது, அதைப் பார்த்து லைனில் தைத்துத் தள்ளிவிட்டார்கள். மொத்த ஆர்டரும் காதர்பேட்டை நடைபாதையில் கூவி விற்கப் போனது. அன்றிலிருந்து பழைய சாம்பிளைக் கண்டால் என் கை கத்திரியைத் தேடும். அந்தப் பழக்கத்துக்காக அண்ணன் என்னை எல்லோர் முன்னாலும் மெச்சியிருக்கிறார்.

காருக்கு வருகிறேன். பின்னால் நூல் கோன் அடுக்கும் தகர ஷெட்டில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் அது நின்றது. வெண்ணெய் நிறப் பத்மினி. எட்டு வருஷமாக யாரும் தொடவில்லை. தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கோன் மூட்டையை அதன்மேல் சாய்க்க மாட்டார்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரே பெண், நித்யா. பத்து வயதில் காய்ச்சலில் போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நடந்தது அது. நான் பார்த்ததெல்லாம் ஆபீஸ் சுவரில் இருந்த போட்டோதான். இரட்டைச் சடை, சட்டைக் காலரின் ஒரு நுனி வாயில். "எப்பப் பாத்தாலும் எதையாச்சும் கடிச்சிட்டே இருக்குமுங்க அது. பென்சிலு, காலரு, நூல் கோனக்கூட உடாது" என்று கட்டிங் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். குழந்தையின் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரும் அந்தக் காரில் அவிநாசி கோயிலுக்குப் போய் வருவார்களாம். பெண் போனபிறகு அண்ணன் வேறு கார் வாங்கிவிட்டார். இது ஷெட்டுக்குப் போனது.

ஒருநாள் டீ கொடுத்தனுப்பாமல் அக்காவே ஆபீசுக்குள் வந்தார். அண்ணன் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஓரத்தில் ஒரு காலரை அளந்துகொண்டிருந்தேன். அக்கா நின்றபடியே சொன்னார்.

"ஏனுங்க, அந்தப் பழைய வண்டீல ஒருக்கா அவிநாசிக்குப் போய்ட்டு வரோணுமுங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அது ஓடாதே தனம்."

"ஓட வைங்க. எப்படி இருந்துதோ அப்படியே இருக்கோணும். பாப்பா பொறந்தநாளுக்குப் போகோணும்."

 டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டு வருஷத்தில் அக்கா தனக்கென்று கேட்ட முதல் காரியம் அதுதான் என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். பிறந்தநாளுக்கு ஐந்து மாசம் இருந்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் இதுல கை வெக்க மாட்டேன். அந்த ஷெட்டுக்குள்ளயே என்னால போக முடியாது. உனக்குத்தான் அளவு தெரியும், நீ பாத்துக்கோ. ஒரு ஆர்டருன்னு நெனச்சுக்க. அக்காதான் பையரு."

எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியும். ஆனால் ஆர்டர் என்று சொல்லிவிட்டாரே. நான் ஒரு புதுக் கோப்பு போட்டேன், அட்டையில் பத்மினி என்று எழுதினேன், முதல் தாளில் பையர் பெயர் தனலட்சுமி அக்கா என்று எழுதினேன். இப்போது நினைத்தால் அன்றைக்கு நானாக இருந்த அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

மங்கலம் ரோட்டில் ஜேசுராஜ் அண்ணாச்சி என்று ஒருவர் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பழைய வண்டி என்றால் அவர்தான் என்று நாலு பேர் சொன்னார்கள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினோம். அவர் காரைச் சுற்றி வந்து, குனிந்து, தட்டி, கடைசியில் ஒரு பீடியைப் பற்ற வைத்தார்.

"இன்ஜின் பிரச்சின இல்ல தம்பி, அது ஓடிரும். சாமானுக்குத்தான் கஷ்டம். கம்பெனிய மூடிட்டானுவ. இப்ப வாரது பூரா எவனோ எங்கயோ அச்சு எடுத்து ஊத்துதது. பாக்க அது மாதிரியே இருக்கும். மாட்டினாத்தான் தெரியும்."

மாட்டினோம், தெரிந்தது. முதலில் கதவைச் சுற்றி வரும் ரப்பர். கோயமுத்தூரில் வாங்கி வந்தேன். பளபளவென்று இருந்தது. நாலு கதவுக்கும் ஒட்டிவிட்டுச் சாத்தினால் ஒரு கதவும் சாத்தவில்லை. புது ரப்பர் தடிமனாகவும் விறைப்பாகவும் இருந்தது, கதவைத் திருப்பித் தள்ளியது. ஓங்கி அறைந்தால்தான் பூட்டும். பழைய பத்மினியின் கதவு அப்படி இல்லையாம், ரெண்டு விரலால் தள்ளினால் டொப்பென்று போய் உட்காருமாம். "கொஞ்ச நாளுல அமுங்கிரும்" என்றார் அண்ணாச்சி. எங்கள் லைனில் டெய்லர்கள் சொல்வார்கள், ஒரு வாஷ் போட்டால் சரியாகிவிடும் என்று. ஊர் ஊருக்கு அந்த ஒரு வாக்கியம் வேறு வேறு வேஷத்தில் இருக்கிறது போல. ரப்பர் அமுங்கவில்லை.

அடுத்தது பம்பர். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னின. வண்டியில் வைத்துப் பார்த்தால் பம்பர் ஓட்டை ஒரு இடத்தில், சட்டத்தின் ஓட்டை இன்னொரு இடத்தில். நடுவில் ஒரு விரல் இடைவெளி. நான் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது ஜோடி வந்தது, ஓட்டை சரியாக இருந்தது, ஆனால் வளைவு தப்பு, ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாவதில் மறுபடியும் ஓட்டை தப்பு, அதையும் திருப்பப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நாலாவது இத விட மோசமா வரும், சொல்லுதேன் கேளுங்க." டிரில் போட்டு ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே நாலு வாஷர் கொடுத்து மாட்டினார். மூன்றாம் மாதமே ஓரத்தில் பொரி பொரியாக உரிந்தது. பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடி ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் வந்தது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி நாலு சுற்றுக்கு ஒரு முறை கையோடு வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கமெண்ட் ஷீட் எழுதினேன். படிக்கிறவர் யாரும் இல்லை, இருந்தாலும் எழுதினேன்.

இதில் நானே பண்ணிய கூத்து ஒன்று உண்டு. முன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பரைக் கழற்றி, டேப் வைத்து நூல் பிசகாமல் அளந்து, அதே அளவுக்குப் புதிது செய்யச் சொன்னேன். வந்தது. என் அளவுக்கு அச்சாக இருந்தது. கண்ணாடியில் போட்டால் மூலையில் நாலு விரற்கடை பற்றவில்லை. எட்டு கோடை வெயிலில் பழைய ரப்பர் காய்ந்து சுருங்கிப் போயிருந்திருக்கிறது, நான் சுருங்கினதை அளந்திருக்கிறேன். துணி சுருங்குவதை அளந்துதான் எனக்குச் சம்பளமே. செய்தி கம்பெனிக்கு எட்டியதும் அண்ணன் சிரித்தார். "ஏந் தம்பி, ஷ்ரிங்கேஜ் பாக்கலியா நீ?" என்றார். வாசலில் டீயோடு நின்ற அக்காவும் சிரித்துவிட்டார். அந்த அக்கா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். அதற்காக இன்னும் நாலு ரப்பரைக் கூட நான் தப்பாக அளந்திருப்பேன்.

கடைசியாக நின்றது டேஷ்போர்டு. அதாவது முன் சீட்டில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு மேலே எதிரில் வரும் பலகை. அதன் விளிம்பு முழுக்க ஒரு மெத்தென்ற கறுப்புப் பட்டை ஓடும். வெயிலில் அது நெடுகப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கடையில் கிடைத்த பட்டைகள் இரண்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்று குட்டை. இன்னொன்று நீளம் சரி, வெயிலில் வைத்தால் எண்ணெய் கசிந்தது, காருக்குள் அந்த மண்ணெண்ணெய் வாசனை தலையை வலித்தது. அக்காவை அந்த வாசனையில் அவிநாசி வரைக்கும் உட்கார வைக்க எனக்கு மனசில்லை. கோயமுத்தூரில் பஸ் சீட்டுகளுக்கு ஸ்பாஞ்ச் வார்ப்பவர் ஒருவர் இருந்தார். பழைய பட்டையையே கொடுத்தால் அதில் அச்செடுத்து அப்படியே செய்து தருகிறேன் என்றார். "அப்படியேன்னா, வெடிச்சதெல்லாம் சேத்தி வந்துரும் பாத்துக்கங்க. எது வேண்டாமோ எழுதிக் குடுங்க" என்றார்.

எனக்கா எழுதத் தெரியாது? பட்டையைச் சாம்பிள் அறைக்கே கொண்டுவந்து டேபிளில் நீட்டி வைத்து ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்தேன். வெடிப்புகள் பதினொன்று, ஒவ்வொன்றுக்கும் இடமும் நீளமும். டிரைவர் பக்கம் ஒரு சிகரெட் சூடு. அப்புறம் இடது பக்கம், ஆட்கள் உட்காரும் சீட்டுக்கு நேர் எதிரில், விளிம்பில் நாலு சின்னப் பள்ளங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஏதோ கிளிப் போட்டு அழுத்தின மாதிரி இருந்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன். மேலே இரண்டுக்கும் நடுவில் இரண்டு மில்லி, கீழே இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லி, ஆழம் ஒன்றரை. 'புதியதில் வரக் கூடாது.' அடியில் கோடு வேறு போட்டேன்.

இருபது நாளில் பார்சல் வந்தது. பிரித்ததும் எனக்கு நம்ப முடியவில்லை. அதே நிறம், அதே மெத்துமெத்து, ரெக்சினில் அதே மணல் போன்ற சொரசொரப்பு, வாசனை கிடையாது. அண்ணாச்சி காரில் வைத்து லேசாக உள்ளங்கையால் தட்டினார், போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாஷர் கூட வைக்கவில்லை. "ஏ, பொருந்திட்டுல்லா" என்று அவரே ஆச்சரியப்பட்டு டீ சொன்னார். அந்த ஐந்து மாசத்தில் பொருந்திய முதல் சாமான். நல்ல மனிதர் அந்தக் கோயமுத்தூர்க்காரர், பழைய பட்டையையும் பேப்பர் சுற்றிப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருந்தார். அதைக் கம்பெனிக்கு எடுத்துவந்தேன். புதியது பாஸ் ஆகிவிட்டது. கட்டிங் மாஸ்டரின் பெரிய கத்திரியை வாங்கி, பழையதை நாலாக வெட்டி, வேஸ்ட் மூட்டையில் போட்டேன். கத்திரி கொஞ்சம் திணறியது. அதற்கப்புறம் கை கழுவிவிட்டு டீ குடித்தேன்.

பிறந்தநாள் அன்று காலையில் காரைக் கம்பெனி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். டெய்லர்கள், ஹெல்பர்கள், செக்கிங் பெண்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார், காரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். அக்கா பச்சைப் பட்டில் வந்தார். கையில் பூக்கூடை. நான்தான் கதவைத் திறந்தேன். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தார். கதவை நான் மெதுவாகச் சாத்திப் பார்த்தேன், பூட்டவில்லை, பின்பு ஓங்கி அறைந்தேன். அக்காவின் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. "மன்னிச்சுக்குங்கக்கா, ரப்பர் புதுசுங்க" என்றேன்.

அக்கா நான் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையை நீட்டி, டேஷ்போர்டின் விளிம்பை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேலே ஒரு விரல், அடியில் கட்டை விரல், கிள்ளுகிற மாதிரி வைத்துக்கொண்டு. கொஞ்சம் இடது பக்கம் போனார். திரும்பி வந்தார். குனிந்து பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பையர் வந்து தையலைத் தடவிப் பார்ப்பார்கள் இல்லையா, அப்படித்தான் நினைத்தேன்.

"கண்ணு," என்றார், "இதுல இருந்த பழைய பட்டை எங்க?"

"அது பூரா வெடிச்சிருந்துதுங்கக்கா. அச்செடுத்து அதே மாதிரி பண்ணியாச்சுங்க. ஒரு வித்தியாசம் கண்டுபுடிக்க முடியாதுங்க."

"பழசு எங்க கண்ணு?"

"வெட்டிப் போட்டுட்டேனுங்கக்கா. நானே என்ற கையால."

இதை எவ்வளவு உற்சாகமாகச் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அக்கா விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  பிறகு என்னைப் பார்க்காமல், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"மொதப் பொறந்தநாளப்ப பாப்பாவுக்கு முன்னால நாலு பல்லு மொளச்சிருந்துது. என்ற மடியில ஒக்காந்துட்டுத்தான் வந்துச்சு. வெயில்ல அது இளகிக் கெடந்துது போல. ஒரே கடி. பல்லு அப்படியே பதிஞ்சு போச்சு. அவருக்கே தெரியாது. நானுஞ் சொல்லல, வண்டி புதுசு, திட்டுவாருன்னு." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நல்லாருக்குது கண்ணு. ரொம்ப மெனக்கெட்டிருக்கற."

எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு வசதி உண்டு, ஒரு கஷ்டமும் உண்டு. உயிர் போகிற நேரத்திலும் மரியாதை குறையாது. அக்கா என்னை ஏசியிருந்தால் நான் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். அண்ணன் அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். "போலாமா தனம்?" என்றார். "போலாமுங்க" என்றார் அக்கா. கார் கிளம்பியது, செக்கிங் பெண்கள் கை தட்டினார்கள், நானும் கூடச் சேர்ந்து தட்டினேன். கையை வேறெங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கார் திரும்பியதும் நான் வேஸ்ட் மூட்டையைத் தேடி ஓடினேன். மூட்டை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் வேஸ்ட் எல்லாம் மங்கலம் ரோட்டில் ஒரு குடோனுக்குப் போகும். அங்கே ஊர்க் கம்பெனிகள் அத்தனையின் வெட்டுத் துணியும் கூரை வரை குவிந்து கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். நிறம் பிரித்துக்கொண்டிருந்த வடக்கத்திப் பையன்கள் என்னைப் பார்த்தார்கள். "க்யா டூண்ட் ரஹே ஹோ பையா?" என்று, என்ன தேடுகிறேன் என்று கேட்டான் ஒருவன். இந்தியில் எனக்கு நாலு வார்த்தை தெரியும். "காலா ரப்பர்", கறுப்பு ரப்பர் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? அவர்களும் பாவம், கூட இறங்கித் தேடினார்கள். மூக்கெல்லாம் பஞ்சு. சாயங்காலம் வரை தேடியதில் இரண்டு துண்டு கிடைத்தது. இரண்டும் டிரைவர் பக்கத்துத் துண்டு. ஒன்றில் அந்தச் சிகரெட் சூடு இருந்தது. இன்னும் இரண்டு நாள் லீவு போட்டுப் போய்த் தேடினேன். பள்ளம் இருந்த துண்டு கிடைக்கவில்லை.

நாலாவது நாள் அண்ணன் சாம்பிள் அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டேபிளில் கிடந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"தம்பி, நீ எல்லாத்தையும் அளந்து எழுதி வெப்பியே. அதையும் எழுதி வெச்சிருந்தியா?"

"வெச்சிருக்கேனுங்கண்ணா."

கோப்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்த வரியை ரொம்ப நேரம் படித்தார். அடிக்கோட்டையும் பார்த்தார். பிறகு கேட்டார், "இந்த அளவ வெச்சு, புதுசுல அதே மாதிரி போட முடியுமா? அக்காவுக்குத் தெரியாம?"

எங்கள் தொழிலில் முடியாது என்ற வார்த்தையே கிடையாது. எட்டு நாளில் முடியாததை நாலு நாளில் கேட்டாலும், பார்க்கலாமுங்க, பண்ணிரலாமுங்க என்றுதான் சொல்லிப் பழக்கம். அவரிடமே கற்றது அது. அளவும் என்னிடம் இருந்தது. நாலு பள்ளம், இளஞ்சூடு கொடுத்து அழுத்தினால் ஐந்து நிமிஷ வேலை. அண்ணாச்சி யோசிக்காமல் செய்து கொடுப்பார். அக்கா விரலை வைத்தால் பொருந்தவும் பொருந்தும்.

"முடியாதுங்கண்ணா" என்றேன். அந்தக் கம்பெனியில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அன்று மட்டும்தான். அவர் கோப்பை மூடிக் கொடுத்தார். "செரி உடு" என்றார். ஸ்டூலை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் எங்கும் போகவில்லை. மறுபடியும் ஷெட், மறுபடியும் தார்ப்பாய். இந்த முறை கோன் மூட்டைகளை அதன்மேல் சாய்த்து அடுக்கினார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கல்யாண ஊர்வலத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். கம்பெனியும் இப்போது இல்லை. முப்பது மெஷினும் வேறெங்கேயோ போய்விட்டன. அந்தக் கட்டடத்தில் வெளி மாநிலப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். சாம்பிள் அறை ஜன்னலில் ஈர லுங்கிகள் தொங்குகின்றன. ஜேசுராஜ் அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார். அண்ணனும் அக்காவும் அவிநாசிப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார்கள். வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டார். பந்திக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்.  

எங்கள் வீட்டில் ஒரு டிராயர் இருக்கிறது. பழைய குக்கர் வளையங்கள், அறுந்த செருப்பு வார், என் பையனின் விழுந்த பல், உடைந்த மூக்குக்கண்ணாடிக் காது எல்லாம் அதில் கிடக்கும். எதையும் எறிய விட மாட்டேன். மனைவி திட்டுகிறாள், திட்டட்டும். கறுப்புத் துண்டு இரண்டும் அதில்தான் இருக்கின்றன. அவை இறுகிக் கல்லாகிவிட்டன. போன வாரம் தளர்ந்த வளையத்தையும் அதற்குள் போட்டேன். மூன்றாவது வளையமும் பொருந்தவில்லை என்பதைச் சொன்னேனா? குக்கர் இன்னும் பக்கவாட்டில்தான் ஊதிக்கொண்டிருக்கிறது.

பத்மினிக் கோப்பு மட்டும் இல்லை. கம்பெனியை மூடியபோது எல்லாக் கோப்புகளோடும் சேர்ந்து பழைய பேப்பருக்குப் போயிருக்கும். ஆனால் அந்த வரி எனக்கு மறக்கவில்லை. மேலே இரண்டுக்கும் நடுவில் இரண்டு மில்லி, கீழே ஒரு மில்லி, ஆழம் ஒன்றரை. அந்தக் குழந்தையின் பல்லில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான், அதுவும் என் தலைக்குள். புதியதில் வரக் கூடாது என்று எழுதினேன். வரவில்லை. அந்தக் காருக்காக நான் வாங்கிய அத்தனை சாமான்களிலும், சொன்னது சொன்னபடி வந்தது அது ஒன்றுதான்.